ஐரோப்பியக் கால்பந்தில் எந்த நாட்டு கிளப்புகள் ராஜா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி நெருங்கினால் போதும், எனக்கு ஒரே மாதிரி செய்திகள் வர ஆரம்பித்துவிடும். ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே ஸ்பெயினா இங்கிலாந்தா என்று குழுவில் சண்டை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். எண்கள் எல்லாம் 2025 மே மாத இறுதிப்போட்டிகள் வரைக்குமான கணக்கு.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எந்த நாடு?

ஸ்பெயின். பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை (1992க்கு முன்னால் அதன் பெயர் ஐரோப்பியக் கோப்பை) 70 தடவை நடத்தியிருக்கிறார்கள், அதில் 20 ஸ்பெயினுக்குப் போயிருக்கிறது. அடுத்து இங்கிலாந்து 15, இத்தாலி 12, ஜெர்மனி 8.

இத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இந்த 20 என்ற எண்ணுக்குள்ளே ஒரு தில்லுமுல்லு இருக்கிறது, அது நாலாவது கேள்வியில் வருகிறது.

அண்ணா, யூரோ கப்னு டிவில பாத்தேனே, அதானே இது?

இல்லை. யூரோ என்பது நாட்டு அணிகள் மோதும் போட்டி, நாலு வருடத்துக்கு ஒரு முறை. நாம் பேசுவது கிளப்புகளைப் பற்றி. ரியல் மாட்ரிட், லிவர்பூல், பேயர்ன் மியூனிக் மாதிரியானவை உள்ளூர் லீக்கில் ஆடிக்கொண்டே வருடா வருடம் ஐரோப்பாவிலும் ஆடுகின்றன. நடத்துவது இரண்டையும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஎஃபாதான், குழப்பம் வருவது இயல்பு.

கிளப் போட்டிகளில் இப்போது மூன்று படிகள். மேலே சாம்பியன்ஸ் லீக், நடுவில் யூரோப்பா லீக் (பழைய யூஎஃபா கோப்பை), கீழே 2021-22ல் தொடங்கிய கான்ஃபரன்ஸ் லீக். முன்பு கப் வின்னர்ஸ் கப் என்று ஒன்று இருந்தது, ஒவ்வொரு நாட்டிலும் உள்நாட்டுக் கோப்பையை வென்றவர்களுக்கானது, 1999ல் மூடிவிட்டார்கள். கீழே பல இடத்தில் அது தலைகாட்டும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்த நாடெல்லாம் எவ்வளவு ஜெயிச்சிருக்கு? முழு லிஸ்ட் வேணும்

முதல் நாலு நாடுகளை மேலேயே சொல்லிவிட்டேன். அதற்குக் கீழே நெதர்லாந்து 6, போர்ச்சுகல் 4, பிரான்ஸ் 2, அப்புறம் ஸ்காட்லாந்து, ருமேனியா, யூகோஸ்லாவியா ஆளுக்கு ஒன்று. கூட்டிப் பாருங்கள், 70 வரும்.

எத்தனை தனித்தனி கிளப்புகள் வென்றன என்று பார்த்தால் படம் மாறுகிறது. இங்கிலாந்தின் 15ஐ ஆறு கிளப்புகள் பங்கு போட்டுக்கொண்டன: லிவர்பூல் 6, மான்செஸ்டர் யுனைடெட் 3, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2, செல்சி 2, ஆஸ்டன் வில்லா 1, மான்செஸ்டர் சிட்டி 1. இத்தாலிக்கு மூன்று: ஏசி மிலான் 7, இன்டர் 3, யுவென்டஸ் 2. ஸ்பெயினுக்கு? இரண்டே இரண்டு. ரியல் மாட்ரிட் 15, பார்சிலோனா 5.

அப்போ ரியல் மாட்ரிட்டைத் தூக்கிட்டா ஸ்பெயின் ஒண்ணுமில்லைதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் லிவர்பூல் ரசிகர். இருந்தாலும் நியாயமான கேள்வி. அந்த 20ல் 15ஐக் கழித்தால் ஸ்பெயினுக்கு ஐந்துதான் மிச்சம், அது நெதர்லாந்தைவிடக் குறைவு. ரியல் மாட்ரிட் தனியொரு நாடாக இருந்தால் இங்கிலாந்துடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொள்ளும். இதுதான் நான் சொன்ன தில்லுமுல்லு.

இன்னும் தோண்டலாம். முதல் இறுதிப்போட்டி நடந்த 1956லிருந்து 1960 வரை முதல் ஐந்து கோப்பையும் மாட்ரிட்டுக்குத்தான். கடைசியில், கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட்டை 7-3 என்று அடித்தார்கள், புஷ்காஷ் நாலு கோல், டி ஸ்டெஃபானோ மூன்று. 1966ல் ஆறாவது. அதற்குப் பிறகு 1998 வரை 32 வருடம் மாட்ரிட் இந்தக் கோப்பையைத் தொடவில்லை. அந்த இடைவெளி முழுக்க ஸ்பெயின் நாட்டுக்கே கிடைத்தது ஒன்றே ஒன்று, 1992ல் வெம்ப்ளியில் பார்சிலோனா. அதே காலத்தில் இங்கிலாந்து எட்டு வென்றது. ஆக "ஸ்பெயின் எப்போதுமே ஆதிக்கம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாட்ரிட் தூங்கியபோது ஸ்பெயினும் தூங்கியது.

ஆனால் இதிலேயே ஸ்பெயினை முடித்துவிடக் கூடாது, ஏனென்றால் இரண்டாவது கோப்பையில் கதை நேர் எதிர். அடுத்த பதிலைப் பாருங்கள்.

செவியா செவியான்னு ஏன் இவ்வளவு பேச்சு? அவங்க லீக் கூட ஜெயிக்கிறதில்லையே

ஸ்பெயினின் உள்நாட்டு லீக்கான லா லிகாவை அவர்கள் கடைசியாக வென்றது 1946ல். யூரோப்பா லீக்கை (பழைய பெயரையும் சேர்த்து) ஏழு முறை வென்றிருக்கிறார்கள்: 2006, 2007, 2014, 2015, 2016, 2020, 2023. இறுதிப்போட்டிக்கு வந்த ஏழு முறையும் வெற்றி, தோல்வியே கிடையாது. வேறு எந்த கிளப்புக்கும் மூன்றுக்கு மேல் இல்லை. அட்லெட்டிகோ மாட்ரிட் 3, ரியல் மாட்ரிட் 2, வலென்சியா 1, வில்லாரியல் 1 என்று சேர்த்தால் ஸ்பெயினுக்கு மொத்தம் 14. இங்கிலாந்தும் இத்தாலியும் ஆளுக்கு 10.

இங்கே ரியல் மாட்ரிட்டின் இரண்டைக் கழித்தாலும் 12 மிஞ்சுகிறது, அப்போதும் ஸ்பெயின்தான் முதலிடம், அதுவும் பார்சிலோனாவின் உதவி ஒன்றுகூட இல்லாமல். எனக்கு ஸ்பெயின் மீது மரியாதை வந்ததே இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான். பெரிய இரண்டு கிளப்புகளின் நிழலில் நிற்கிற ஐந்தாவது, ஆறாவது அணி வெளியே போய் மற்ற நாட்டின் நல்ல அணிகளை அடித்துவிட்டு வருகிறது. 2021ல் கிதான்ஸ்க் நகரில் வில்லாரியல் மான்செஸ்டர் யுனைடெட்டை பெனால்ட்டியில் 11-10 என்று வென்றது. வில்லாரியல் ஊரின் மக்கள்தொகை சுமார் 50,000. ஊர் மொத்தமும் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் உட்கார்ந்தாலும் இடம் மிச்சமிருக்கும்.

ஸ்பெயினோட உச்சம்னு எந்த வருஷங்களைச் சொல்லலாம்?

2014 முதல் 2018 வரை. ஐந்து வருடம், சாம்பியன்ஸ் லீக் ஐந்து, யூரோப்பா லீக் ஐந்து, மொத்தம் பத்துக் கோப்பை. அதில் ஒன்பது ஸ்பெயினுக்கு. மாட்ரிட் நாலு, பார்சிலோனா ஒன்று, செவியா மூன்று, அட்லெட்டிகோ ஒன்று. தப்பியது 2017 யூரோப்பா மட்டும், அதை மான்செஸ்டர் யுனைடெட் எடுத்தது. போதாததற்கு 2014, 2016 இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதியிலும் எதிரெதிரே நின்றது மாட்ரிட் நகரத்தின் இரண்டு கிளப்புகள். இந்த அளவுக்கு ஒரு நாடு ஐந்து வருடம் எல்லாரையும் உட்கார வைத்ததை நான் என் வாழ்நாளில் வேறு பார்க்கவில்லை.

பிரீமியர் லீக்தான் உலகத்திலயே பெஸ்ட்ங்கிறாங்க. பணமும் அங்கதான். அப்புறம் ஏன் கோப்பை வரல?

இதுதான் நெஞ்சு வெடிக்க வாதம் நடக்கும் கேள்வி. முதலில் பணம் உண்மை. இங்கிலாந்தின் உள்நாட்டு லீக்கான பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடித்து வெளியேறும் கிளப்புக்குக்கூட லீக்கிலிருந்து 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. பதினைந்தாவது இடத்தில் இருக்கும் ஆங்கிலேய கிளப், பெரிய பெயர் வாய்ந்த இத்தாலிய கிளப்பின் வீரரை விலைக்கு வாங்கிவிடுகிறது. ஆனால் அந்தப் பணம் இருபது கிளப்புகளுக்கும் பரவலாகப் போகிறது. ஸ்பெயினில் 2015 வரை ஒவ்வொரு கிளப்பும் தன் டிவி உரிமையைத் தானே விற்றுக்கொண்டது, மாட்ரிட்டும் பார்சிலோனாவும் பெரும்பங்கை அள்ளிக்கொண்டு மற்றவர்களுக்குச் சில்லறையை விட்டன. அநியாயம்தான், ஆனால் ஐரோப்பாவை வெல்ல வலுவான நாட்டு லீக் தேவையில்லை, ஒன்றிரண்டு அசுர அணிகள் போதும். 2023-24ல் ஒரே பருவத்தில் 100 கோடி யூரோ வருமானத்தைத் தாண்டிய முதல் கால்பந்து கிளப் எது என்று நினைக்கிறீர்கள்? இங்கிலாந்துக்காரர்கள் யாரும் இல்லை, ரியல் மாட்ரிட்.

இரண்டாவது, நாக்அவுட் (தோற்றால் வெளியே போகும் சுற்றுகள்) என்பது தாயக்கட்டை மாதிரி. 2007, 2008, 2009 மூன்று வருடமும் அரையிறுதிக்கு வந்த நாலு அணிகளில் மூன்று இங்கிலாந்து. கோப்பை? ஒன்றுதான், அதுவும் 2008ல் மாஸ்கோவில் இரண்டு பேருமே ஆங்கிலேயர்கள் என்பதால் தப்பவே முடியாது. யுனைடெட் செல்சியை பெனால்ட்டியில் வென்றது, ஜான் டெர்ரி வழுக்கி விழுந்ததை யாரும் மறக்கவில்லை. மற்ற இரண்டு வருடம் மிலானும் பார்சிலோனாவும் கொண்டுபோய்விட்டன.

மூன்றாவது காரணம் களைப்பு என்பார்கள், இரண்டு உள்நாட்டுக் கோப்பை, கிறிஸ்துமஸ் சமயத்தில் இடைவிடாத ஆட்டம் என்று. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் தோற்றவர்கள் சொல்லும்போது மட்டும் அது பெரிதாகத் தெரிகிறது என்பது என் கட்சி.

இங்கிலாந்து ஒரு காலத்துல தொடர்ச்சியா ஜெயிச்சதா அப்பா சொல்றாரு. நிஜமா?

அப்பா சொன்னது சரி. 1977 முதல் 1982 வரை ஆறு வருடம் தொடர்ந்து ஆங்கிலேய கிளப்புகள்தான். லிவர்பூல் 1977, 1978, 1981. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 1979, 1980. ஆஸ்டன் வில்லா 1982. 1984ல் லிவர்பூல் மறுபடியும். ஒரே நாடு தொடர்ந்து ஆறு என்பது வேறு யாராலும் முடியவில்லை, ஸ்பெயினுக்கே ஐந்துதான், அதுவும் இரண்டு முறை. ஃபாரஸ்ட் உள்நாட்டு லீக்கை வென்றது ஒரே ஒரு முறை, ஐரோப்பாவை இரண்டு முறை. இப்படி ஒரு விநோதம் வேறெங்கும் இல்லை.

அப்புறம் ஏன் நின்னு போச்சு?

1985 மே 29, பிரஸ்ஸல்ஸ், ஹெய்சல் மைதானம். லிவர்பூலும் யுவென்டஸும் மோதும் இறுதிப்போட்டி தொடங்குவதற்கு முன் லிவர்பூல் ரசிகர்கள் பக்கத்துப் பகுதியில் இருந்தவர்கள் மீது பாய, கூட்டம் சுவரோரம் நசுங்கி, சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள். அதன் பின்னும் ஆட்டத்தை நடத்தினார்கள். யுவென்டஸ் 1-0 என்று வென்றது.

ஆங்கிலேய கிளப்புகள் அனைத்துக்கும் ஐரோப்பியப் போட்டிகளில் ஐந்து வருடத் தடை, லிவர்பூலுக்கு ஆறு. அந்த ஐந்து வருடத்தில் ஐரோப்பாவில் கால்பந்து எங்கோ போய்விட்டது. 1991ல் மான்செஸ்டர் யுனைடெட் கப் வின்னர்ஸ் கப்பை வென்று திரும்ப வந்தாலும் பெரிய கோப்பை கிடைக்க 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தாலி பெரிய கைன்னு சொல்றாங்க, நான் பாத்த வரைக்கும் ஒண்ணுமே இல்லையே

நீங்கள் 2010க்குப் பிறகு பார்க்க ஆரம்பித்தவர் போல. 1989லிருந்து 1998 வரை பத்து இறுதிப்போட்டி, அதில் ஒன்பதில் இத்தாலிய அணி ஒன்று இருந்தது. விட்டுப்போனது 1991 மட்டும், அதையும் இத்தாலியின் பாரி நகரில்தான் நடத்தினார்கள். யூஎஃபா கோப்பையில் 1989-1999 பதினொரு வருடத்தில் எட்டு இத்தாலிக்கு, அதில் நாலு தடவை இறுதியில் இரண்டு பக்கமும் இத்தாலியர்களே. 1990ல் மிலான், சம்ப்டோரியா, யுவென்டஸ் என்று மூன்று கோப்பையையும் ஒரே நாடு வாரிக்கொண்டது. மரடோனா, வான் பாஸ்டன், மத்தேயஸ் எல்லாரும் ஆடியது அங்கேதான். உலகத்தின் பணமும் அப்போது அங்கேதான் இருந்தது.

ஆனால் இறுதிக்கு வருவது வேறு, வெல்வது வேறு. பெரிய கோப்பையின் இறுதியில் இத்தாலி 18 தடவை தோற்றிருக்கிறது, யுவென்டஸ் மட்டும் ஏழு. 2010ல் இன்டர் வென்றதுதான் கடைசி. 2023ல் இன்டர் மான்செஸ்டர் சிட்டியிடம் தோற்றது, 2025ல் பாரிஸின் பிஎஸ்ஜியிடம் 5-0 என்று உதை வாங்கியது. சாம்பியன்ஸ் லீக் இறுதி வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய வித்தியாசம் இதற்கு முன் இல்லை. நான் அந்த ஆட்டத்தை இடைவேளையிலேயே அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

தரவரிசைல இங்கிலாந்து முதல் இடம்னு போட்டிருக்கு. நீங்க ஸ்பெயின்ங்கிறீங்க. யார் பொய்?

இரண்டுமே உண்மை, அளவுகோல் வேறு. யூஎஃபாவின் நாட்டுத் தரவரிசை கோப்பைகளை எண்ணுவதில்லை. ஒரு நாட்டின் கிளப்புகள் ஐரோப்பாவில் ஆடும் ஒவ்வொரு வெற்றிக்கும் இரண்டு புள்ளி, டிராவுக்கு ஒன்று (தகுதிச் சுற்றில் இதில் பாதி), அப்புறம் சுற்று தாண்டினால் கொஞ்சம் போனஸ். எல்லாவற்றையும் கூட்டி, அந்த வருடம் ஆடிய அந்த நாட்டு கிளப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். கடைசி ஐந்து பருவத்தின் மொத்தம்தான் தரவரிசை. 2010களில் பல ஆண்டுகள் ஸ்பெயின் மேலே இருந்தது, இப்போது இங்கிலாந்து.

வகுத்தல் இருப்பதால் ஒரு நாட்டின் பலவீனமான கிளப்பும் கணக்கில் விழுகிறது. ஏழு பேர் போய் இருவர் முதல் கட்டத்திலேயே உதைபட்டால் சராசரி சரியும். மேலே சொன்ன பணப் பரவல் இங்கேதான் இங்கிலாந்துக்குக் கைகொடுக்கிறது. அவர்களின் ஆறாவது, ஏழாவது அணிகூடக் கான்ஃபரன்ஸ் லீக்கில் போய்க் கோப்பையோடு வரும், 2023ல் வெஸ்ட் ஹாம், 2025ல் செல்சி.

ஒரே நாட்டுக்கு எப்படி ஆறு டீம்? நாலுதானே லிமிட்?

2025-26 சாம்பியன்ஸ் லீக்கில் இங்கிலாந்துக்கு ஆறு பேர்: லிவர்பூல், ஆர்சனல், சிட்டி, செல்சி, நியூகாசில், டாட்டன்ஹாம். வழக்கமான நாலு. முந்தைய பருவத்தில் மேலே சொன்ன புள்ளிக் கணக்கில் முதல் இரண்டு இடம் பிடித்த நாடுகளுக்கு ஆளுக்கு ஒரு கூடுதல் இடம், அது இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போனது. ஆறாவதாக டாட்டன்ஹாம், உள்ளூர் லீக்கில் 17வது இடம் பிடித்தும் யூரோப்பா லீக்கை வென்றதால் நுழைந்தது. 17வது! அந்த இறுதியில் அவர்கள் தோற்கடித்த யுனைடெட் 15வது. இங்கிலாந்தின் ஆழம் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணமும் கிடையாது, இதைவிடக் கேவலமான உதாரணமும் கிடையாது.

கூடுதல் இடம் எப்போதும் இங்கிலாந்துக்கே என்றும் நினைக்காதீர்கள். அந்த விதி வந்த முதல் தடவை, 2023-24 ஆட்டங்களை வைத்து, இத்தாலியும் ஜெர்மனியும்தான் வாங்கின.

பழைய காலத்துல ஒரு நாட்டுக்கு ஒரு டீம்தானாமே? அப்போ பழைய கணக்கையும் புதுசையும் சேர்த்து எண்றது நியாயமா?

நல்ல கேள்வி, நியாயமில்லைதான். 1997 வரை பெரிய கோப்பையில் ஒவ்வொரு நாட்டு சாம்பியனும், நடப்பு வெற்றியாளரும் மட்டும். 1997-98ல் பெரிய லீக்குகளின் இரண்டாம் இடத்தவர்களுக்கும் கதவு திறந்தது, 1999-2000லிருந்து நாலு பேர் வரை. உள்நாட்டு சாம்பியனாகவோ நடப்பு வெற்றியாளராகவோ இல்லாமல் உள்ளே வந்து கோப்பையை வென்ற முதல் கிளப் 1999 மான்செஸ்டர் யுனைடெட். அதனால்தான் அந்த 1977-82 வரிசையை நான் உயர்வாக மதிக்கிறேன். கடைசி நாலில் மூன்று பேரை வைத்துக்கொண்டு வென்றது அல்ல அது.

புதிய காலத்தை மட்டும் எடுத்தாலும் தலைவர் மாறவில்லை. 2000 முதல் 2025 வரை 26 கோப்பை: ஸ்பெயின் 12, இங்கிலாந்து 6, இத்தாலி 3, ஜெர்மனி 3, போர்ச்சுகல் 1, பிரான்ஸ் 1.

அயாக்ஸ், செல்டிக் மாதிரி டீம் இனிமே ஜெயிக்க வாய்ப்பே இல்லையா?

1967ல் லிஸ்பனில் இன்டரை வென்ற ஸ்காட்லாந்தின் செல்டிக் அணியில் எல்லாருமே கிளாஸ்கோவைச் சுற்றி சுமார் 30 மைலுக்குள் பிறந்தவர்கள். 1986ல் ருமேனியாவின் ஸ்டெயாவா புகாரெஸ்ட் பார்சிலோனாவை வென்றது, கோல்கீப்பர் டுக்கடாம் நாலு பெனால்ட்டியையும் தடுத்தார். 1995ல் நெதர்லாந்தின் அயாக்ஸ், வியன்னாவில் மிலானுக்கு எதிராக 18 வயது கிளைவர்ட் கோல். அதே வருடம் டிசம்பர் 15ல் ஐரோப்பிய நீதிமன்றம் பாஸ்மன் வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஒப்பந்தம் முடிந்த வீரருக்குக் கிளப் விலை கேட்க முடியாது, ஐரோப்பிய ஒன்றிய நாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பும் போட முடியாது. பெல்ஜியத்தில் ஒரு சாதாரண வீரர் போட்ட வழக்கு ஐரோப்பிய வரைபடத்தையே மாற்றியது. சில வருடத்துக்குள் அந்த அயாக்ஸ் அணி இத்தாலி, ஸ்பெயின், இங்கிலாந்து என்று சிதறிவிட்டது.

அதற்குப் பிறகு ஸ்பெயின், இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் என்ற ஐந்து லீக்குக்கு வெளியேயிருந்து வென்றது ஒரே ஒரு கிளப், 2004ல் பயிற்சியாளர் மொரின்யோவின் போர்ட்டோ (போர்ச்சுகல்). அவரையும் அடுத்த மாதமே செல்சி தூக்கிக்கொண்டது. 2019ல் அயாக்ஸ் இறுதியின் வாசல்வரை வந்தது, டாட்டன்ஹாமின் லூக்கஸ் மோரா கடைசி நொடியில் அடித்த மூன்றாவது கோல் அதைக் கெடுத்தது. அந்தக் கோடையிலேயே டி லிக்ட் யுவென்டஸுக்கும் டி யோங் பார்சிலோனாவுக்கும் போனார்கள். வாய்ப்பு இருக்கிறதா என்றால், ஒரு தடவை இருக்கலாம். ஆதிக்கம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஜெர்மனில பேயர்ன் மட்டும்தானா?

கிட்டத்தட்ட. எட்டில் ஆறு பேயர்ன். ஹாம்பர்க் 1983, டார்ட்மண்ட் 1997, அவ்வளவே. உறுப்பினர்களிடமே வாக்குப் பெரும்பான்மை இருக்க வேண்டும் என்ற 50+1 விதியால் வெளிப்பணம் எளிதில் நுழையாது. டிக்கெட் மலிவு, அரங்கம் நிரம்பும், கோப்பைதான் குறைவு. எனக்கு அந்தப் பேரம் பிடித்திருக்கிறது, ஆனால் நான் டார்ட்மண்ட் ரசிகன் இல்லை என்பதால் சுலபமாகச் சொல்கிறேன்.

பிஎஸ்ஜி 2025ல ஜெயிச்சது கத்தார் காசு, சிட்டி ஜெயிச்சது அபுதாபி காசு. இதைப் போய் பிரான்ஸ், இங்கிலாந்து கணக்குல எழுதலாமா?

எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் கிளப் எந்த லீக்கில் பதிவோ அந்த நாட்டுக்கே கணக்கு. முதலாளியின் ஊரைப் பார்க்க ஆரம்பித்தால் வீரர்களின் ஊரையும் பார்க்க வேண்டிவரும். 2010ல் இத்தாலிக்குக் கோப்பை கொண்டுவந்த இன்டரின் தொடக்கப் பதினொருவரில் ஒரு இத்தாலியர்கூடக் கிடையாது, மாட்டராட்ஸி கடைசி நிமிடத்தில் மாற்றாக வந்தார். பெரிய கோப்பையை வென்ற கடைசி ஆங்கிலேயப் பயிற்சியாளர் 1984ல் ஜோ ஃபேகன்.

பிஎஸ்ஜி விஷயத்தில் ஒரு சுவை உண்டு. அந்த வருடம் அவர்கள் லீக் கட்டத்தில் சிட்டி, பிறகு நாக்அவுட்டில் லிவர்பூல், ஆஸ்டன் வில்லா, ஆர்சனல் என்று நாலு ஆங்கிலேய கிளப்புகளை அடித்துவிட்டே இறுதிக்குப் போனார்கள். பிரான்ஸின் இன்னொரு கோப்பை 1993ல் மார்செய். உள்நாட்டில் ஆட்ட முடிவை விலைக்கு வாங்கிய ஊழலில் அவர்களின் பிரெஞ்சு லீக் பட்டம் பறிபோனது, ஐரோப்பியக் கோப்பை மட்டும் கையில் நின்றது.

டைனமோ கீவ் ஜெயிச்சது உக்ரைன் கணக்கா, ரஷ்யா கணக்கா? மொனாக்கோ தனி நாடுதானே?

கீவ் 1975லும் 1986லும் கப் வின்னர்ஸ் கப்பை வென்றது, 1981ல் ஜார்ஜியாவின் டினமோ திபிலிசி. மூன்றும் பதிவேட்டில் சோவியத் யூனியன் என்றுதான் இருக்கும், அன்றைக்கு இருந்த நாடே கணக்கு. 1991ல் வென்ற ரெட் ஸ்டார் பெல்கிரேடும் அதனால்தான் யூகோஸ்லாவியா. மொனாக்கோ தனி நாடுதான், ஆனால் பிரெஞ்சு லீக்கில் ஆடுவதால் 2004 இறுதியில் அது பிரான்ஸ். வேல்ஸின் ஸ்வான்சி 2013-14ல் யூரோப்பா லீக் ஆடியபோது இங்கிலாந்தின் இடத்தில் ஆடியது.

பெண்கள் சாம்பியன்ஸ் லீக்லயும் ஸ்பெயின்தானா?

இல்லை. 24 பருவத்தில் ஜெர்மனி 9 (நாலு கிளப்புகள் சேர்ந்து), பிரான்ஸ் 8, அந்த எட்டும் லியோன் ஒரே கிளப். ஸ்பெயின் 3, எல்லாம் பார்சிலோனா. இங்கிலாந்துக்கும் சுவீடனுக்கும் ஆளுக்கு 2. 2025ல் ஆர்சனல் பார்சிலோனாவை 1-0 என்று வென்றது. நாலாவது கேள்வியின் ரியல் மாட்ரிட் கதை இங்கே லியோன் பெயரில் நடக்கிறது.

மச்சான், ஃபிரெண்டுகிட்ட "இங்கிலாந்துதான்"னு பந்தயம் கட்டிட்டேன். பிரியாணி யார் வாங்கணும்?

பந்தயம் கட்டும்போது என்ன வார்த்தை சொன்னாய் என்பதைப் பொறுத்தது. சாம்பியன்ஸ் லீக் என்றால் 15-20, நீ காலி. யூரோப்பா லீக் 10-14, அதுவும் காலி. ஒழிந்துபோன கப் வின்னர்ஸ் கப்பை மட்டும் என்றால் இங்கிலாந்து 8, ஸ்பெயின் 7, நீ தப்பித்தாய், ஆனால் அதை நினைத்து எவனும் பந்தயம் கட்டமாட்டான். கான்ஃபரன்ஸையும் சேர்த்து நாலையும் கூட்டினால் ஸ்பெயின் 41, இங்கிலாந்து 35, இத்தாலி 30.

உனக்கு இரண்டே வழி. ஒன்று, "இன்றைய தரவரிசையைத்தான் சொன்னேன்" என்று சாதிப்பது. இன்னொன்று, இந்த நாலு கோப்பைகளில் ஒன்றையாவது வென்ற கிளப்புகளை எண்ணச் சொல்வது: இங்கிலாந்து 11, இத்தாலி 10, ஸ்பெயின் 7. இதை உன் நண்பன் ஒப்புக்கொண்டால் பிரியாணி உனக்கு. ஒப்புக்கொள்ளாவிட்டால் நீதான் வாங்க வேண்டும், எனக்கும் ஒரு பொட்டலம் சேர்த்து வாங்கு.